கேட்கிற பாட்டும் கேட்க முடியாத பாட்டும்



இந்த மாதம் ஒரு காதல் பாட்டைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். அதுவும் சிங்களப் பாட்டு. 55 வயது தாண்டிய, புருஷனைத் தொலைத்த ஒருத்திக்குக் காதல் பாட்டு எதற்கு என்று உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். சிரியுங்கள். ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள். அந்த ஒரு பாட்டால் எங்கள் மாங்கேணியில் இரண்டு வீடுகள் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தன. மாதர் சங்கத்தின் ஒரு கூட்டம் முழுவதும் அதிலேயே போனது. எனக்கும் சில இரவுகள் நித்திரை வரவில்லை.

2023ஆம் ஆண்டு பங்குனி மாதம். எங்கள் ஒழுங்கையில் ஒரு சாமத்திய வீடு. தகரப் பந்தல் போட்டு, வாழை கட்டி, பலகாரம் சுட்டு எல்லாம் முறையாக நடந்தது. ஆலாத்தி எடுத்து முடிந்ததும் இளம் பிள்ளைகள் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். என் மகளின் மகள், அப்போது அவளுக்கு 15 வயது, தன் சிநேகிதிகளோடு பந்தலின் நடுவில் ஆடிக்கொண்டிருந்தாள். முதலில் தமிழ்ப் படப்பாட்டுகள். பிறகு 'மெனிகே'. முந்திய வருசம் 'தேங்க் கோட்' என்ற ஹிந்திப் படத்தில் அந்தப் பாட்டு வந்திருந்ததால் முதலில் ஹிந்தியில் போட்டார்கள். உடனே பிள்ளைகள் "பழசைப் போடுங்க, பழசைப் போடுங்க" என்று சத்தமிட, சிங்களத்தில் உள்ள பாட்டே வந்தது.

அப்போது தேத்தண்ணீர்த் தட்டோடு பந்தலுக்குள் வந்த ஒரு தங்கச்சி அப்படியே நின்றாள். வன்னியில் இருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருப்பவள். தட்டைப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். ஸ்பீக்கர் பெட்டி இருந்த இடத்துக்குப் போய் வயரைப் பிடுங்கினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் பின்பக்கமாகக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

பந்தல் அமைதியானது. "நல்ல காரியம் நடக்கிற வீட்டில இப்படியா செய்யிற?" என்று வீட்டுக்காரி கோபப்பட்டாள். என் பேத்திக்கு முகம் சிவந்து அழுகை வந்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அது பெரிய அவமானம் அல்லவா?

நான் கிணற்றடிக்குப் போனேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "என்ன தங்கச்சி?" என்று கேட்டேன். "அந்தப் பாட்டைப் பாடுறது யாற்ர மகள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ அக்கா?" என்றாள்.

எனக்குத் தெரியாது. அவள் சொன்னதைக் கேட்டபின் எனக்கு வாயில் கசப்பு ஏறியது. அந்தப் பாட்டை நானும் பாடியிருக்கிறேன். அந்தக் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

பயணத் தடையோடு வந்த பாட்டு

2021ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் பயணத் தடை போட்டார்கள். வலை இழுக்கப் போகவும் வழியில்லை, தையல் வகுப்புக்குப் போகவும் வழியில்லை. பள்ளிக்கூடம் பூட்டு. பேத்தியின் படிப்புக்காகப் பத்துப் பேரிடம் மாறி வாங்கி ஒரு கைத்தொலைபேசி எடுத்திருந்தோம். சிக்னல் பிடிக்க வேலிக்கரை முருங்கை மரத்தடியில் கதிரை போட்டு உட்காருவாள். பாடம் முடிந்ததும் மிச்ச டேட்டாவில் பாட்டு.

அந்தத் தடை தொடங்கிய அடுத்த நாள், மே 22ஆம் திகதி, கொழும்பைச் சேர்ந்த யொஹானி டி சில்வா என்ற இளம் பாடகி ஒரு பாட்டை யூரியூப்பில் போட்டார். 'மெனிகே மகே ஹிதே'. அது அவருடைய சொந்தப் பாட்டல்ல. 2020ஆம் ஆண்டு யூலையில் சதீஷன் ரத்நாயக்க என்ற பாடகர், டுலான் ஏ.ஆர்.எக்ஸ். என்பவரோடு சேர்ந்து வெளியிட்ட பாட்டு. சமத் சங்கீத் இசை. வரிகள் டுலானுடையவை. படத்துக்காக எழுதிய பாட்டல்ல. தனிப்பாட்டாகவே வந்தது. ஒரு பெண்ணின் அழகில் மனம் பறிகொடுத்த ஆண் பாடுவதுபோல் எழுதப்பட்டது. அதை ஒரு பெண் குரலில், பெரிய வாத்தியக் கூட்டம் இல்லாமல், மைக்கின் முன்னால் நின்று மெதுவாக யொஹானி பாடினார். சதீஷனும் கூடப் பாடியிருந்தார்.

பிறகு நடந்தது உலகம் அறிந்த கதை. யூலை மாதம் ஹிந்தி நடிகர் அமிதாப் பச்சனின் பழைய படக் காட்சி ஒன்றுக்கு இந்தப் பாட்டை ஒட்டி ஒரு வீடியோ வந்தது. அதை அவரே பகிர்ந்தார். இந்தியாவில் விமானப் பணிப்பெண் ஒருத்தி வெறும் விமானத்தில் இதற்கு ஆடிய வீடியோவும் பரவியது. சில மாதங்களுக்குள் 10 கோடித் தடவைக்கு மேல் கேட்கப்பட்டது. தமிழிலும் மலையாளத்திலும் ஹிந்தியிலும் அவரவர் தங்கள் மொழிச் சொல்லைப் போட்டுப் பாடினார்கள். சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் அந்த மொழியில் பாட முயன்றார்கள்.

மாங்கேணியில் முருங்கை மரத்தடிக்கும் அது வந்துவிட்டது. ஒரு நாள் நான் மீன் வெட்டிக்கொண்டு என்னை அறியாமல் அந்த மெட்டை முணுமுணுத்திருக்கிறேன். பேத்தி கேட்டுவிட்டாள். "அம்மா, ஓடி வாங்க, அம்மம்மா மெனிகே பாடுறா!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். எனக்கு வெட்கம். நான் பாட்டு முணுமுணுத்து முப்பது வருசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

எனக்குத் தெரிந்த சிங்களம்

எனக்கும் சிங்களம் தெரியும். ஆனால் எப்படித் தெரியும்? திருகோணமலை வீதியில் எங்கள் ஊர். நான் சிங்களம் படித்த பள்ளிக்கூடம் சோதனைச் சாவடி. 'நவத்தின்ன', நில். 'கொஹேத யன்னே', எங்கே போகிறாய். 'பலன்ன', பார். 'யன்ன', போ. 2006ஆம் ஆண்டில் இராணுவத்தின் முன்னரங்கு எங்கள் பக்கம். பனிச்சங்கேணிப் பாலத்துக்கு அப்பால் இயக்கத்தின் இடம். அந்த வருசக் கடைசியில் வாகரைச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டாலும் தண்ணீராலும் இந்தப் பக்கம் ஓடி வந்தபோதும் என் காதில் விழுந்த சிங்களம் அந்த நாலைந்து சொற்கள்தான். ஒரு மொழியில் கட்டளை மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு, அந்த மொழியில் கெஞ்சலும் இருக்கிறது, கொஞ்சலும் இருக்கிறது என்பது தெரியாமலே போய்விடுகிறது.

பேத்தி பள்ளிக்கூடத்தில் சிங்களத்தை இரண்டாம் தேசிய மொழியாகப் படிக்கிறாள். அவள்தான் எனக்குப் பொருள் சொன்னாள். 'மெனிக்' என்றால் மாணிக்கம், இரத்தினக் கல். 'மெனிகே' என்பது கண்டிப் பக்கத்தில் பெண்களை மரியாதையாகவும் செல்லமாகவும் அழைக்கும் சொல். பதுளைக்குப் போகும் ரயிலுக்குப் 'பொடி மெனிகே' என்று பெயர் இருக்கிறதே, அந்த மெனிகே. 'மகே' என்றால் என்னுடைய. 'ஹித' என்றால் மனம். 'மாணிக்கமே, என் மனசிலே' என்று சொல்லலாம்.

பிறகு ஒரு ஆசிரியை சொல்லி இன்னொன்றும் அறிந்தேன். அந்த 'மெனிக்' என்ற சொல்லும் நமது மணி, மாணிக்கம் என்ற சொற்களும் ஒரே உறவு. 'ஹித' என்பதும் நாம் சித்தம் என்று சொல்வதும் ஒரே வேரில் இருந்து வந்தவை. சோதனைச் சாவடியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஒரு காதல் பாட்டு சொல்லித் தந்தது.

முன்னமும் பாடினோம்

சிங்களச் சொல்லில் நம்மவர் பாடுவது புதிதல்ல. சிலோன் மனோகர் என்று தமிழ்நாட்டில் பெயர் பெற்ற ஏ.ஈ. மனோகரன் பாடிய 'சுராங்கனி'யை என் வயதுக்காரர் மறக்க மாட்டார்கள். சிங்களமும் தமிழும் கலந்த பைலாப் பாட்டு. 1977ஆம் ஆண்டு 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில் இளையராஜாவின் இசையிலும் அது வந்தது. சிங்களம் தெரியாத தமிழ்நாட்டுச் சனம் அந்தச் சொற்களை அப்படியே பாடியது. மனோகரன் 2018ஆம் ஆண்டு தை மாதம் சென்னையில் காலமானார்.

அதே காலத்துப் பொப் பாட்டு நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. மாமியின் மகளை விசாரித்து ஒரு இளந்தாரி பாடும் குறும்புப் பாட்டு. இதில் எனக்குச் சொந்தக் கதை உண்டு. என் புருஷன் எனக்கு மச்சான் முறை. என் அம்மா அவருக்கு மாமி. கலியாணத்துக்கு முன்னம், 1988இல், எங்கள் வேலியோரம் சைக்கிளில் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டை விசிலடித்துக்கொண்டு போவார். அம்மா அகப்பையோடு வெளியே வருவா. நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பேன். எங்கள் காதலுக்குக் கடிதம் ஒன்றும் இல்லை. அந்த விசில்தான் கடிதம்.

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் சண்டை மீண்டும் தொடங்கிய கிழமைகளில் வாழைச்சேனைக்குச் சாமான் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. யார் பிடித்தார்கள், எங்கே வைத்தார்கள், இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது மகள் என் வயிற்றில். நான் போகாத முகாம் இல்லை, எழுதிக் கொடுக்காத ஆணைக்குழு இல்லை. கிடுகு பின்னி, கூலிக்குக் கச்சான் பிடுங்கி, பிறகு தையல் பழகி மகளை வளர்த்தேன். அன்றோடு எனக்குப் பாட்டு நின்றது. யாரும் நிற்பாட்டச் சொல்லவில்லை. ஆனால் புருஷன் இல்லாதவள் காதல் பாட்டை முணுமுணுத்தால் ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் 2021இல் என் வாயில் வந்த அந்த மெட்டு எனக்குப் பெரிதாக இருந்தது. நின்றுபோன மணிக்கூடு ஒன்று தானாக ஓடத் தொடங்கியதுபோல் இருந்தது.

கிணற்றடியில் கேட்டது

இனிக் கிணற்றடிக்கு வருகிறேன். அந்தத் தங்கச்சி சொன்னது இதுதான். யொஹானியின் தகப்பன் பிரசன்ன டி சில்வா இராணுவ அதிகாரி. பின்னாளில் மேஜர் ஜெனரல். 2009இல் வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது 55ஆவது படையணிக்குத் தளபதி. வடக்கே நாகர்கோவிலில் இருந்து கரையோரமாகச் சாலை வரை இறங்கிய படையணி அது. பாட்டு பரவிய நாட்களிலேயே தமிழர் பலர் இதை எழுதிவிட்டார்கள். எங்கள் முருங்கை மரத்துக்குப் பாட்டு வந்தது, அந்தச் செய்தி வரவில்லை. தங்கச்சிக்குச் சுவிசில் இருக்கும் அண்ணன் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

அவள் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்கு குழியில் இருந்தவள். மூத்த மகளை அங்கே விட்டுவிட்டு வந்தவள். பிறகு செட்டிகுளம் முகாம். 2010இல் வெளியே வந்து, மாங்கேணியில் இருந்த தகப்பன் வழிச் சொந்தத்தோடு குடியேறினாள்.

"எந்தப் பக்கத்துச் செல் எண்டு எனக்குத் தெரியாது அக்கா. ஆற்ர கையால எண்டு நான் ஒருத்தரையும் காட்டேலாது. மூத்தவளுக்கு அப்ப பதினைஞ்சு வயசு. அந்தப் பாடுற பிள்ளைக்கும் அந்த வருசம் பதினைஞ்சுதானாம். நான் கணக்குப் பார்த்தனான்."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று சொன்னாள். "எல்லாரும் மெனிகே மெனிகே எண்டு பாடுறியள். எனக்கு மெனிக் எண்டால் மெனிக் பாம்தான்."

நான் என்ன சொல்ல? செட்டிகுளத்தில் இலட்சக்கணக்கான சனத்தைக் கம்பி வேலிக்குள் வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012ஆம் ஆண்டு புரட்டாதியில்தான் முழுதாக மூடப்பட்டது. நான் மாணிக்கம் என்று பொருள் கண்ட சொல்லில் அவள் கம்பி வேலியைக் கண்டிருக்கிறாள். ஒரே சொல்தான்.

அன்றிரவு எனக்கு என் வாய்மேலேயே கோபம் வந்தது. முப்பது வருசம் பூட்டியிருந்த வாய் திறக்க இந்தப் பாட்டுத்தானா கிடைத்தது என்று.

சங்கத்தில் நடந்த பேச்சு

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில் கடன் கணக்குப் பார்த்து முடிந்ததும் இந்தக் கதை வந்துவிட்டது. யாரும் நிகழ்ச்சி நிரலில் போடவில்லை. அங்கே பேசியதை முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

மகனைத் தொலைத்த ஒரு அம்மா சொன்னா: "அந்தப் பாட்டை இனி ஊருக்குள்ள போடப்படா. எங்கட காதுல எங்கட கையாலயே மண்ணள்ளிப் போடுறதா?"

தலைவி சொன்னா: "பாட்டென்ன செஞ்சது? எழுதினவன் ஒருத்தன், மெட்டுப் போட்டவன் ஒருத்தன். அவங்களுக்கும் இதுக்கும் என்ன?"

என் மகள் எழும்பினாள். பிறக்கு முன்னமே தகப்பனை இழந்தவள், அதிகம் பேசாதவள். "அந்தத் தகப்பன் தளபதியா இருந்ததுக்கு மகளைப் பிடிக்கிறதா? அப்ப பதினைஞ்சு வயசுப் புள்ளை என்ன செய்யும்? இயக்கத்தில இருந்தவங்கட புள்ளையளை வேலைக்கு எடுக்கப் பயப்படுறாங்க, கலியாணம் பேசப் பின்வாங்குறாங்க எண்டு இதே கூட்டத்தில எத்தின தரம் அழுதிருக்கிறம். எங்கட புள்ளையளுக்கு ஒரு நியாயம், மத்தப் புள்ளைக்கு வேற நியாயமா?"

அது எல்லோரையும் தைத்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகு ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, மெதுவாகப் பேசுபவ, சொன்னா: "மகள் சொல்றது சரி. அந்தப் பாடகியை நாம குற்றவாளியாக்க ஏலாது. ஆனா இன்னொரு பக்கமும் இருக்கு. இந்தப் பாட்டு எல்லாரையும் ஒண்டாக்கிட்டு, இனிப் பழசைக் கிளறாதீங்க எண்டு ஆரும் சொன்னா அதை ஒத்துக்க ஏலாது. பாட்டைக் கேக்கலாம். பாட்டைக் காட்டிக் கணக்கை மூட ஏலாது."

உண்மைதானே. ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமை அலுவலகம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, போரின்போது இரு தரப்பும் செய்த பாரதூரமான மீறல்களைப் பக்கம் பக்கமாக எழுதியது. அதற்கெல்லாம் விடை வேண்டும் என்பது வேறு. ஒரு பாட்டு நன்றாக இருக்கிறது என்பது வேறு. பாட்டு நல்லது என்பதால் அந்த விடை தேவையில்லாமல் போகாது. விடை வரவில்லை என்பதால் பாட்டு கெட்டதாகவும் ஆகாது. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டபடியால்தான் எனக்கு நித்திரை வராமல் போனது என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

ஆனால் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அந்தத் தங்கச்சி கூட்டத்தின் கடைசியில் அதைச் சொன்னாள்.

"நான் பாட்டைத் தடை செய்யச் சொல்லேல்ல. அந்தப் பிள்ளையைப் பேசவும் இல்லை. எனக்கு அதைக் கேக்க ஏலாது, அவ்வளவுதான். ஸ்பீக்கரில போட்டால் நான் எங்க போறது? காதுக்குக் கதவில்லைத்தானே."

காதுக்குக் கதவில்லை. சகோதரிகளே, இதைத்தான் நான் உங்களிடம் சொல்ல வந்தேன். பாடுகிறவளுக்குப் பாட உரிமை இருக்கிறது. ஆடுகிற பிள்ளைக்கு ஆட உரிமை இருக்கிறது. கேட்க முடியாதவளுக்குக் கேட்காமல் இருக்கவும் உரிமை இருக்கிறது. ஏன் முடியவில்லை என்று அவள் ஒவ்வொரு பந்தலிலும் எழும்பி நின்று காரணம் சொல்லத் தேவையில்லை. காரணம் சொல்ல வைப்பதே அவளை இன்னொரு தடவை அந்தப் பதுங்கு குழிக்குள் இறக்குவதுபோல.

அன்று நாங்கள் வாக்கெடுப்பு ஒன்றும் வைக்கவில்லை. ஒரு வழக்கத்தை மட்டும் பேசி வைத்துக்கொண்டோம். விசேச வீட்டில் ஸ்பீக்கர் கட்டினால் பாட்டுப் போட முன்னம், வெடி கொளுத்த முன்னம், அக்கம்பக்கத்தில் யாருக்கு என்ன ஏலாது என்று வீட்டுக்காரி ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். வெடியைப் பற்றி நான்தான் சொன்னேன். சீனவெடிச் சத்தத்துக்குக் கட்டிலின் கீழே போகும் பெண்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இத்தனை வருசமாக அவர்களையும் நாங்கள் கேட்கவில்லை. கேட்பதற்கு ஐந்து நிமிடம் போதும். இதற்கு நிதியும் தேவையில்லை, திட்டமும் தேவையில்லை.

வயரைப் பிடுங்கியது பிழை என்று அந்தத் தங்கச்சியும் ஒத்துக்கொண்டாள். சாமத்திய வீட்டுக்காரியிடம் நேரே போய்ச் சொன்னாள். அவளும் ஒரு பெட்டி பலகாரம் கொடுத்து அனுப்பினாள். பேச்சு மீண்டும் வந்தது.

பேத்தி கேட்ட கேள்வி

என் பேத்திக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எல்லோர் முன்னாலும் தன்னை அவமானப்படுத்தியதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு மழை நாள் அவளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சியின் கதையை மட்டுமல்ல, அவளுடைய அம்மப்பாவின் கதையையும், வேலியோர விசிலையும். 15 வயது வரைக்கும் அந்தப் பிள்ளைக்கு அம்மப்பா 'காணாமல் போனவர்' என்ற ஒரு சொல்லாகவே இருந்திருக்கிறார். அவர் விசிலடிப்பார் என்று நான் சொன்னதே இல்லை. பிள்ளைகளுக்குத் துக்கத்தைச் சொல்லக்கூடாது என்று மூடி வைக்கிறோம். அதோடு சேர்த்துச் சந்தோசத்தையும் மூடிவிடுகிறோம். எங்களுக்கு நடந்ததை அறியாமல் ஆடும் பிள்ளையைக் குறை சொல்ல எங்களுக்கு வழியில்லை. சொல்லாதது நாங்கள்.

அடுத்த நாள் அவள் தானாகவே தங்கச்சி வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"மாமி, உங்கட மூத்த மகளுக்கு என்ன பாட்டுப் புடிக்கும்?"

தங்கச்சி அவளையே பார்த்தாள். அந்த மகள் எப்படிச் செத்தாள், எங்கே செத்தாள், எத்தனையாம் திகதி செத்தாள் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். அவளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று பதினாலு வருசமாக ஒருவரும் கேட்கவில்லை.

சொன்னாள். ஒரு படப்பாட்டு. மகள் அதைப் பிழையாகப் பாடுவாள் என்றும், தான் திருத்தினால் கோபிப்பாள் என்றும் சொன்னாள். பேத்தி அந்தப் பாட்டைத் தேடி எடுத்தாள். "போடட்டா மாமி?" என்று கேட்டாள். தங்கச்சி தலையாட்டியபின்தான் விரலை வைத்தாள். அந்தப் பாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது அவர்கள் இருவருக்கும் உரியது.

இப்போதும் எங்கள் தையல் வகுப்பில் பிள்ளைகள் மெசின் மிதித்துக்கொண்டு 'மெனிகே' பாடுவதுண்டு. புதுப் பாட்டுகள் எத்தனை வந்தாலும் அது இடைக்கிடை வந்துவிடும். நானும் சேர்ந்து முணுமுணுப்பேன், இப்போது வெட்கப்படுவதில்லை. தங்கச்சியும் அங்கேதான் பொத்தான் துளை தைக்கிறாள். அவள் படலையைத் திறந்து வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் தாங்களாகவே நிற்பாட்டிவிடுவார்கள்.

போன மாதம் ஒரு நாள் பேத்தி கவனியாமல் பாடிக்கொண்டிருந்தாள். தங்கச்சி உள்ளே வந்துவிட்டாள். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பாடு பிள்ளை, நிப்பாட்டாத" என்றாள் தங்கச்சி. "நான் கிணத்தடிக்குப் போட்டு வாறன்."

வாளியை எடுத்துக்கொண்டு போனாள். பாட்டு முடிந்தபின் தண்ணீரோடு வந்து தன் இடத்தில் இருந்தாள். விட்ட இடத்தில் இருந்து தைக்கத் தொடங்கினாள்.